பேட்டரிக்கு வயசா, பசியா?

இந்த மாதமும் வந்த கடிதங்களில் பாதி, "எந்த கம்பெனி பேட்டரி வாங்கலாம்?" என்பதுதான். தஞ்சாவூரில் இன்வெர்ட்டர் கடை வைத்துக்கொண்டு அதற்குப் பதில் எழுதினால் விளம்பரமாகிவிடும். அதை விட்டுவிட்டு மற்ற கேள்விகளுக்கு வருவோம்.

கேள்வி: எங்கள் வீட்டில் 850 வி.ஏ. இன்வெர்ட்டர், 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி. வாங்கி இரண்டரை வருஷம்தான் ஆகிறது. மூன்று ஃபேன், நான்கு எல்.ஈ.டி. டியூப்லைட், டிவி ஓடும். முன்பு இரண்டரை மணி நேரம் தாங்கியது, இப்போது ஒரு மணி நேரத்திலேயே கத்துகிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு "பேட்டரி போச்சு, மாத்திடுங்க" என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, பாபநாசம் அருகே ஒரு கிராமம்

வந்தவர் ஹைட்ரோமீட்டரைக் கையில் எடுத்தாரா டீச்சர்? எடுக்காமல் சொல்லியிருந்தால் அந்தப் பேச்சை நம்ப வேண்டாம். எங்கள் கடைக்கு "செத்துப்போச்சு" என்று வரும் பேட்டரிகளில் பல, வயசாகி வருவதில்லை. பசியோடு வருகின்றன. மாதக்கணக்கில் அரை வயிற்றுக்கே சார்ஜ் ஏறியிருக்கும்.

ஹைட்ரோமீட்டர் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் சின்னக் கண்ணாடிக் குழாய்தான், பேட்டரிக் கடையிலேயே கிடைக்கும். ராத்திரி முழுக்க சார்ஜ் ஏறவிட்டு, காலையில் ஆறு மூடிகளையும் திறந்து ஒவ்வொரு செல்லாக உறிஞ்சிப் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், உள்ளே இருப்பது ஆசிட். தண்ணீர் ஊற்றிவிட்டு அளக்காதீர்கள். புதுத் தண்ணீர் மேலாக நிற்கும், அளவு தப்பாகக் காட்டும். பெரும்பாலான டியூபுலர் பேட்டரியில் முழு சார்ஜ் என்றால் 1240-ஐ ஒட்டி நிற்க வேண்டும். ஐந்து செல் 1230, 1240 என்று இருந்து ஒன்று மட்டும் 1150-க்கு இறங்கிக் கிடந்தால் அந்த செல் போய்விட்டது, மெக்கானிக் சொன்னது சரி. ஆறுமே ஒரே சீராக 1190, 1200 என்று இருந்தால் பேட்டரிக்குப் பெரும்பாலும் குறை இல்லை, சார்ஜ் போதவில்லை.

ஏன் போதவில்லை? இன்வெர்ட்டரின் பின்பக்கம் பாருங்கள். பல மாடல்களில் இரண்டு சின்ன சுவிட்ச் இருக்கும். ஒன்று பேட்டரி வகை. அது 'டியூபுலர்' பக்கம் இல்லாமல் வேறு பக்கம் இருந்தால் சார்ஜ் வோல்டேஜ் குறைந்துவிடும், டியூபுலர் நிறையவே நிறையாது. இன்னொன்று 'யூ.பி.எஸ்.' அல்லது 'நார்மல்'. நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். யூ.பி.எஸ். பக்கம் இருந்தால், லைன் வோல்டேஜ் 180-க்குக் கீழே இறங்கியதுமே கரண்ட் போய்விட்டதாக நினைத்துக்கொண்டு பேட்டரிக்குத் தாவிவிடும். சாயங்காலம் பம்ப்செட்டெல்லாம் ஓடும் கிராமத்தில் 170 என்பது சகஜம். தெருவில் லைட் எரியும், உங்கள் வீடு பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் எங்கே சார்ஜ் ஏறுவது? நார்மலுக்குத் தள்ளிவிட்டு ஒரு வாரம் பாருங்கள். வீட்டில் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் இருந்தால் மட்டும் யோசியுங்கள். நார்மலில் கரண்ட் போகும் நொடியில் அது அணைந்து எழலாம்.

அப்படியும் செலவு செய்யத்தான் வேண்டுமென்றால் முதலில் ஃபேனை மாற்றுங்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் தின்னும், மூன்றுக்கு 225. பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட், மூன்றும் சேர்ந்து 90. பேட்டரியின் வாட் கணக்கைப் பார்த்து மயங்காதீர்கள். 12 வோல்ட்டை 150 ஏ.எச்.-ஆல் பெருக்கி 1800 வாட்-ஹவர் என்று காகிதத்தில் வரும். ஆனால் அந்த 150 என்பது இருபது மணி நேரம் மெல்லமெல்ல எடுத்தால் கிடைக்கும் அளவு. இரண்டு மூன்று மணி நேரத்தில் உறிஞ்சினால் அவ்வளவு தராது. இன்வெர்ட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும்.

கேள்வி: கஜா புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். இனி அந்த நிலை வேண்டாம் என்று 335 வாட் பேனல், 20 ஆம்ப் சார்ஜ் கன்ட்ரோலர், 12 வோல்ட் 100 ஏ.எச். பேட்டரி வாங்கினேன். உச்சி வெயிலிலும் 9 ஆம்புக்கு மேல் ஏறவில்லை. பேனல் டூப்ளிகேட்டா?
– வாசகர், வேதாரண்யம்

பேனல் நல்ல பேனல்தான் தம்பி. ஜோடிதான் பொருந்தவில்லை. 335 வாட் என்றால் 72 செல் பேனலாக இருக்கும். அது சுமார் 38 வோல்ட்டில் 9 ஆம்ப் கொடுத்தால்தான் 335 வாட். உங்கள் கன்ட்ரோலர் பி.டபிள்யூ.எம். வகை. அது பேனலையும் பேட்டரியையும் நேரடியாகக் கோத்துவிடும், அதனால் பேனலின் வோல்டேஜ் பேட்டரியின் 13-க்கு இறங்கிவிடும். 13 வோல்ட், 9 ஆம்ப். கிடைப்பது 117 வாட். மூன்றில் இரண்டு பங்கு வெயில் வீண். பேனலின் திறந்த வோல்டேஜ் (எதிலும் மாட்டாதபோது காட்டுவது) 46 வரை போகும் என்பதால், கன்ட்ரோலர் எத்தனை வோல்ட் தாங்கும் என்று அதன் அட்டையில் இன்றைக்கே பாருங்கள். 25 என்று போட்டிருந்தால் உடனே கழற்றிவிடுங்கள்.

எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் வாங்குங்கள். பேனலின் கூடுதல் வோல்டேஜை வீணாக்காமல் ஆம்பாக மாற்றித் தரும் வகை அது. அதே பேனலில் 20 ஆம்புக்கு மேல் ஏறும். 100 ஏ.எச். பேட்டரிக்கு 20 போதும், அந்த அளவில் கட்டுப்படுத்தி வையுங்கள். ஒரு எச்சரிக்கை: சில நூறு ரூபாய்க்கு, மேலே எம்.பி.பி.டி. என்று அச்சடித்த பெட்டிகள் விற்கிறார்கள், உள்ளே இருப்பது பழைய பி.டபிள்யூ.எம். சரக்கு. கண்டுபிடிப்பது சுலபம். மத்தியானம், பேட்டரி நிறையாமல் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது பேனல் வயர் வரும் முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். 35, 38 என்று காட்டினால் அசல். பேட்டரிக்குச் சமமாக 13, 14 காட்டினால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாட்டும்போது பேட்டரியை முதலில், பேனலைப் பிறகு. கழற்றும்போது பேனல் முதலில். கன்ட்ரோலரைப் பேட்டரி பக்கத்திலேயே வையுங்கள். நீள வயர் பேனல் பக்கம் இருந்தால் பரவாயில்லை, பேட்டரி பக்கம் 20 ஆம்ப் நீள வயரில் போனால் வோல்டேஜ் வழியிலேயே கரைந்துவிடும். உப்புக்காற்று ஊர், டெர்மினலில் வாசலின் தடவுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் பேனலைக் கழற்றி வீட்டுக்குள் சாத்தி வையுங்கள். இருபது கிலோவுக்கு மேல் இருக்கும், இரண்டு பேர் வேண்டும். புயலுக்காக வாங்கியது புயலிலேயே பறந்துபோனால் என்ன பிரயோசனம்?

கேள்வி: மானியத்தில் 3 கிலோவாட் சோலார் போட்டோம். பில் குறைந்தது உண்மை. ஆனால் பட்டப்பகலில் கரண்ட் போனால் வீட்டில் ஒரு ஃபேன்கூட ஓடவில்லை. ஏமாற்றப்பட்டோமா?
– குடும்பத்தலைவி, தாம்பரம்

இல்லை அம்மா. 2024-இல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வாங்கியிருப்பீர்கள். வீடுகளில் அதில் பெரும்பாலும் போடுவது பேட்டரி இல்லாத ஆன்-கிரிட், அதாவது தெரு லைனோடு சேர்ந்தே ஓடும் வகை. லைன் போனதும் அது தானாக நின்றாக வேண்டும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் மேல் உங்கள் மாடி மின்சாரம் பாயக்கூடாது அல்லவா? போட்டவர் இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும், அது அவர் தப்பு.

பேட்டரியும் சேர்ந்த ஹைப்ரிட்டாக மாற்றலாம், செலவு அதிகம். உங்கள் பழைய இன்வெர்ட்டர்-பேட்டரியைத் தூக்கிப்போடாமல் ஃபேன், லைட்டுக்குத் தனியாக வைத்துக்கொள்வதே போதும். அதன் அவுட்புட்டில் சோலாரைக் கோத்துவிடுகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். மிஞ்சும் மின்சாரம் திரும்பி வந்து இன்வெர்ட்டரைக் கொளுத்திவிடும்.

கேள்வி: ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரை பேட்டரிக்கு ஊற்றலாமா?
– வாசகர், மதுரை

கூடாது. காயிலின் உலோகமும் தூசியும் அதில் இறங்கியிருக்கும். ஆர்.ஓ. தண்ணீரும் வேண்டாம். டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஆசிட் ஊற்றி "உசுப்பிவிடுகிறேன்" என்பவரையும் கிட்டே சேர்க்காதீர்கள்.

கேள்வி: பழைய இன்வெர்ட்டரிலேயே லித்தியம் பேட்டரி மாட்டலாமா? படுக்கையறையில் வைக்கலாமா?
– வாசகர், கோவை

இன்வெர்ட்டர் கையேட்டில் லித்தியம் செட்டிங் இருந்தால் மாட்டலாம். இல்லாவிட்டால் வேண்டாம்; சார்ஜ் வோல்டேஜ் ஒத்துப்போகாமல் பேட்டரி உள்ளேயிருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் அடிக்கடி வெட்டும், சார்ஜ் அளவும் தாறுமாறாகக் காட்டும். பொருந்தினால் நல்ல சரக்கு. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் 100 ஏ.எச். பேட்டரி, டியூபுலர் 150 தரும் பேக்கப்பை ஏறக்குறைய தந்துவிடும், ஒரே ஆள் தூக்கிவிடலாம். தண்ணீர் வேலையும் இல்லை. வாயு விடாது என்பதால் அறைக்குள் வைக்கலாம், கட்டிலுக்கு அடியில் மட்டும் தள்ளாதீர்கள். டியூபுலர் என்றால் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். வெயில் படாத பால்கனியோ காற்றோட்டமான ஹாலோதான் அதற்கு இடம்.