பாண்டியன் எண்ணிய தெருக்கள்

அன்புள்ள சார்,

கல்லூரி நாட்களில் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை எடுத்து, 60 பக்கத்துக்கு மேல் போக முடியாமல் வைத்துவிட்டேன். யார் பேசுகிறார்கள், நடப்பது இந்தோனேசியாவின் மேடானிலா மதுரையிலா என்றே பிடிபடவில்லை. குவைத்தில் 14 வருடம் கணக்கு எழுதிவிட்டு ஊர் திரும்பி, போன மாதம் மறுபடி எடுத்தேன். நாலே நாளில் முடித்தேன், இரண்டு இடத்தில் அழுதேன். ஒரு சந்தேகம். எனக்கு நாவல் புரிந்ததா, இல்லை என் கதையை அதன்மேல் ஏற்றிப் படித்தேனா? கல்லூரியில் படிக்கும் மகனிடம் இதைக் கொடுக்கலாமா?

ஆர்., தேவகோட்டை

அன்புள்ள ஆர்.,

இரண்டுமே நடந்திருக்கும்.

22 வயதில் நான் பென்சிலால் போட்ட கேள்விக்குறிகள் என் பிரதியில் இன்னும் இருக்கின்றன. அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வட்டிக்கடைப் பேச்சு வரும் இடங்களில் ஒன்றுகூட இல்லை, அதெல்லாம் நாலு பக்கம் போனால் தானாக விளங்கிவிடும். கதாநாயகன் பாண்டியன் அக்கரையில் இருந்துகொண்டு மதுரையையும் சொந்த ஊரான சின்னமங்கலத்தையும் நினைக்கும் பக்கங்களில்தான் வரிசையாகப் போட்டிருக்கிறேன். சுற்றிலும் இரண்டாம் உலகப் போர் நடக்கும்போது ஊர் நினைப்பு இவ்வளவு நீளமாக எதற்கு, கதை ஏன் நின்றுவிட்டது என்று அன்றைக்கு அப்படி ஒரு எரிச்சல்.

பிறகு 40ஐத் தாண்டி, ஊர் வீட்டை விற்ற வருடம் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ராத்திரியில் அவர் கண்ணை மூடிக்கொண்டே எங்கள் கடைத்தெருவை முனையிலிருந்து சொல்லிக்கொண்டு போவார். வெற்றிலைக்கடை, அப்புறம் சைக்கிள் கடை, அப்புறம் மூடிப்போன மாவு மில். நடுவில் ஒன்று விட்டுப்போனால் திரும்ப முனைக்கே வந்து ஆரம்பிப்பார். அதற்குப் பிறகு நாவலை எடுத்தபோது அந்தக் கேள்விக்குறிப் பக்கங்களை எல்லாம் நான் அப்பா குரலில்தான் படித்தேன். ஊரை விட்டவனுக்குக் கையில் மிஞ்சுவது அந்த வரிசை ஒன்றுதான், அது கலைந்துவிடக் கூடாதே என்று எண்ணிக்கொண்டே இருக்கிறான்.

சிங்காரம் 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். 18 வயதில் மேடானுக்கு வேலைக்குப் போய், போர் முடிந்தபின் 1946இல் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தபடி இதை எழுதினார். 1972இல்தான் புத்தகமாக வந்தது. எழுதும்போது மதுரை அவருடைய ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது, மேடானும் பினாங்கும்தான் எட்டாத ஊர்கள். பாண்டியன் மதுரையை நினைக்க, அவனை எழுதுகிறவர் மேடானை நினைக்கிறார். ஒரே பத்தியில் ஊர் மாறிவிடுவதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம். குவைத்தில் உங்களுக்கு ஊர் கனவில் வந்திருக்கும், இப்போது தேவகோட்டையில் படுத்தால் குவைத் தெரு வருகிறதா இல்லையா, சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. அழுததைச் சொல்கிறீர்கள், பாண்டியன் துப்பாக்கி எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவனும் நண்பர்களும் உட்கார்ந்து நம் பழம்பெருமையைப் பிய்த்து உதறுகிறார்களே, அதைப் பற்றியும் இல்லை. அவை உங்கள் வாழ்க்கையில் இல்லாதவை, அதனால் சட்டென்று தாண்டிவிட்டீர்கள். நானும் இரண்டாம் தடவை அப்படித்தான் தாண்டினேன், அப்பா ஞாபகம் மற்ற எதையும் உள்ளே விடவில்லை. மூன்றாவது தடவைதான் பாண்டியன் எவ்வளவு கடுமையான ஆள் என்பதே கண்ணில் பட்டது. ஒரு வருடம் கழித்து அந்தப் பகுதிகளை மட்டும் மறுபடி படியுங்கள்.

மகனிடம் தாராளமாகக் கொடுங்கள். “வயசானால் புரியும்” என்று மட்டும் சொல்லாதீர்கள், அந்த ஒரு வாக்கியத்தால் நான் பல வருடம் இந்தப் பக்கமே வரவில்லை. தொங்கான் என்ற பாய்மரக் கப்பல் நடுக்கடலில் புயலில் மாட்டிக்கொள்ளும் அத்தியாயத்தை ஒரு ராத்திரி அவனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், அதற்கு எந்த அனுபவமும் வேண்டாம். மீதியை அவன் எப்போது படிக்கிறானோ படிக்கட்டும்.