நாலரை மணி அலாரம்

ஐயா,

எனக்கு 39 வயது. ஓசூரில் வேலை. போன வருடம் அப்பா மாரடைப்பில் இறந்தார். அதிலிருந்து உடம்பைக் கவனிக்க ஆரம்பித்திருக்கிறேன். இரவு வேலை முடிந்து படுக்கப் பன்னிரண்டரை ஆகிவிடும். இருந்தாலும் நாலரைக்கு எழுந்து பத்தாயிரம் அடி நடக்கிறேன். மனைவியும் கூடவே எழுந்து பீட்ரூட், கேரட், ஆப்பிள் ஜூஸ் போட்டுத் தந்துவிடுவார். சர்க்கரை வராமலிருக்க வரகு நல்லதா, சாமையா? இன்னும் என்ன சேர்த்துக்கொள்ளலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளைக்கு இந்தப் பயம் வரத்தான் செய்யும். பயந்து முடங்காமல் நடக்கக் கிளம்பினீர்களே, அதற்கே உங்களைத் தட்டிக்கொடுக்க வேண்டும். கொஞ்ச நாளாகத் தூக்கத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

வரகோ சாமையோ, வாய்க்குப் பிடித்ததை அளவாகச் சாப்பிடுங்கள். ஆப்பிளைக் கடித்துத் தின்னலாம், ஜூஸ் எதற்கு? பத்தாயிரம் என்ற கணக்கு 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியால் பரவியது. அதற்குக் குறைவாக நடந்தாலும் பலன் உண்டு.

ஆனால் நாலு மணி நேரம் தூங்கிக்கொண்டு சர்க்கரையைத் தடுக்கப் பார்க்கிறீர்களே, அதை எப்படிச் சும்மா விடுவது? தூக்க ஆய்வாளர் ஈவ் வான் காட்டர் குழுவினர் சிகாகோவில் செய்த ஒரு ஆய்வு 1999இல் வெளியானது. நோய் நொடி இல்லாத 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நாலு மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டார்கள். அதற்குள்ளேயே அவர்கள் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்துபோயிற்று. மாலையில் இறங்கியிருக்க வேண்டிய கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனும் ஏறி நின்றது. வயிறாரத் தின்கிற இளவட்டங்களுக்கே ஆறு நாளில் இந்தக் கதி. நீங்கள் ஒரு வருடமாக இதே நாலு மணி நேரத்தில் ஓட்டுகிறீர்கள். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவர்கள் 2015இல் சொல்லிவிட்டார்கள். நம் வீட்டுக் கிழவிகளும் அதைத்தான் சொன்னார்கள், கேட்டோமா?

எங்கள் பெரியப்பா கோவையில் ஒரு நூற்பாலையில் இருந்தார். மூன்றாம் ஷிப்ட் முடிந்து காலையில் வந்து படுப்பார். பெரியம்மா சன்னலுக்குச் சாக்கைக் கட்டிவிட்டு, கோலிக்குண்டுகளோடு எங்களைத் தெருக்கோடிக்கு விரட்டிவிடுவார். மாவாட்டுவது சாயங்காலத்துக்குப் போய்விடும். பஞ்சு ஒட்டிய அவர் சட்டையை உதறக்கூட கொல்லைப்புறம் போவார், சத்தம் கேட்டுவிடுமாம். கூடப்பிறந்த தம்பியே வந்தாலும் வாசற்படியில் அதே பதில்தான்: "தூங்கறாருங்க, பொழுதோட வாங்க." பகல் தூக்கம் இராத்தூக்கத்துக்கு ஈடாகாது. இரவுப் பணி புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் சொன்னது. பெரியப்பாவுக்கு வேறு வழியில்லை. கிடைத்த தூக்கத்தை அந்த வீடே காவல் காத்தது.

பெரியம்மா எப்போது தூங்கினார்? அவர் படுத்து நான் பார்த்ததே இல்லை. விடிவதற்குள் குழாயடியில் நிற்பார், ராத்திரி கடைசிப் பாத்திரம் வரை கழுவுவார். அவர் தூக்கத்துக்கு யாரும் சாக்குக் கட்டவில்லை.

உங்கள் கடிதத்திலும் மனைவி ஒரே ஒரு வரியில் வந்துபோகிறார். நாலரைக்கு எழுந்து ஜூஸ் போடுகிறவர் எத்தனை மணிக்குப் படுத்தார்? சமையலறையை ஒதுக்கிவைத்தது யார்? உங்கள் ஆரோக்கியத்துக்காக இன்னொருவர் தூக்கத்தையும் கெடுக்கிறீர்கள் ஆர். கோபமாகத்தான் எழுதுகிறேன். அவருக்குச் சர்க்கரை வந்தால் பரவாயில்லையா?

அலாரத்தை ஆறரைக்கு மாற்றுங்கள். பதினொரு மணிக்காவது வேலையை மூடிவைக்க முடியுமா என்று அலுவலகத்தில் பேசிப் பாருங்கள். நடையை இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம். சாப்பிட்டதும் நடந்தால் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தசைகள் இழுத்துக்கொள்ளும், கால் மணி நேரம் போதும். பாத்திரத்தை இரண்டு பேருமாகக் கழுவி வைத்துவிட்டுச் சேர்ந்தே கிளம்புங்கள். அப்புறம், அப்பாவுக்கு மாரடைப்பு வந்திருப்பதால் ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை மூன்றையும் இந்த மாதமே பார்த்துவிடுங்கள். மனைவிக்கும் சேர்த்து.