பகலில் ஒன்றுமில்லை, விடிகாலையில் மட்டும் கண்ணில் ஊசி குத்துகிறது

கேள்வி: எனக்கு 49 வயது. ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். நாலைந்து மாதமாக விடிகாலை மூன்று, நான்கு மணிக்குக் கண் வலி எழுப்பிவிடுகிறது. இரண்டு கண்ணும் காய்ந்துபோய், இமை உள்ளே ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கும். வலது கண்ணில் அதோடு சுருக்கென்று ஊசி குத்தும், தண்ணீர் கொட்டும், பத்து நிமிடம் திறக்கவே முடியாது. கடைக்குக் கிளம்பும் நேரத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும். மெடிக்கலில் கொடுத்த சொட்டு மருந்தைப் பகலில் நாலு வேளை விடுகிறேன், பலனில்லை. தும்மலுக்காக இரவில் செட்டிரிசின் போட்டுக்கொள்கிறேன். கோடையில் ஏசி வாங்கினோம், ஃபேனும் ஓடும். மாமியார் விளக்கெண்ணெய் விடச் சொல்கிறார், விடலாமா? படுக்கப் போவதற்கே பயமாக இருக்கிறது. சொல்ல மறந்துவிட்டேன், ஆறு மாதம் முன்பு பேரனின் நகம் வலது கண்ணில் பட்டது. இரண்டு நாளில் ஆறிவிட்டது.

பதில்: சொல்ல மறந்துவிட்டேன் என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அந்த வரியில்தான் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன். மீதிப் பாதி, சொட்டு மருந்து ஏன் பலன் தரவில்லை என்பதில் இருக்கிறது.

கண் வறட்சி என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த நேரத்தில் அதிகம் என்பதைத்தான். கண்ணீர் சுரப்பே குறைந்தவர்களுக்குக் காலையில் சுமாராக இருக்கும், பொழுது ஏற ஏற எரிச்சல் கூடும், சாயங்காலம் கம்ப்யூட்டர் திரையைப் பார்க்க முடியாது. உங்களுக்கு நேர் எதிர். எழும்போது உச்சம், பத்து மணிக்குக் காணாமல் போகிறது. அப்படியென்றால் கோளாறு நடப்பது இரவில். பகலில் விடும் சொட்டு கண்ணில் தங்குவது நிமிடக் கணக்கில்தான். மாலை ஆறு மணிக்கு விட்டது விடிகாலை மூன்று மணிக்கு எப்படி உதவும்?

தூங்கும்போது கண்ணீர் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. விழித்திருக்கையில் நிமிடத்துக்குச் சுமார் பதினைந்து முறை இமைத்து ஈரத்தைப் பரப்பிக்கொண்டே இருக்கிறோம், தூக்கத்தில் அதுவும் கிடையாது. இமை மூடியிருப்பது ஒன்றுதான் காவல். அந்த இமை முழுதாக மூடாமல் ஒரு மயிரிழை இடைவெளி விட்டாலும், கண்ணின் கீழ்ப்பக்கம் ராத்திரி முழுக்கக் காற்றில் காய்கிறது. 'கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறான்' என்று சில பிள்ளைகளைச் சொல்வார்களே, அதேதான். பெரியவர்களுக்கும் உண்டு. தனக்கு அப்படி இருப்பது பல பேருக்குத் தெரியாது. தூங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

அதனால் முதல் வேலை உங்கள் வீட்டுக்காரருக்கு. நீங்கள் நன்றாக அயர்ந்தபிறகு, இரண்டு மணி நேரமாவது போகட்டும், செல்போன் விளக்கைச் சுவரில் அடித்து, அந்த வெளிச்சத்தில் உங்கள் கண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்கு நேராக அடித்தால் இமையை இறுக்கிக்கொள்வீர்கள், ஒன்றும் தெரியாது. நின்றுகொண்டு மேலிருந்து பார்த்தாலும் தெரியாது, மேல் இமை முடி மறைத்துவிடும். கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, உங்கள் கன்னத்தின் பக்கமிருந்து மேல்நோக்கிப் பார்க்க வேண்டும். இமைகளுக்கு நடுவே வெள்ளைக் கோடு தெரிகிறதா? ஒரு போட்டோ எடுத்துவைத்தால் டாக்டரிடம் காட்ட உதவும். எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறீர்கள், குறட்டை பலமா என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வருபவர்களில் சிலருக்கு மேல் இமை ரப்பர்போலத் தளர்ந்துபோய், தலையணையில் உரசி மடங்கித் திறந்துகொள்ளும். அப்படியானால் கண்ணோடு சேர்த்து மூச்சுப் பிரச்சினைக்கும் வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும்.

இனி பேரனின் நகம்.

கருவிழியின் மேல்தோல் மிக மெல்லியது, ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். நகமோ காகித ஓரமோ கரும்புத் தோகையோ கீறினால் அது உரிந்துவிடும். இரண்டு மூன்று நாளில் பக்கத்துத் தோல் வந்து மூடிக்கொள்ளும், வலி நிற்கும், நாமும் ஆறிவிட்டது என்று நினைப்போம். மூடியது மேலே மட்டும்தான். அடித்தளத்தோடு அந்தப் புதுத்தோல் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வாரக் கணக்கில் ஆகும், சிலருக்கு மாதக் கணக்கில். பசை காயாத சுவரொட்டி மாதிரி அது நின்றுகொண்டிருக்கிறது.

இரவில் கண் காய்ந்து, இமையின் உட்பக்கம் அந்த இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. விடிகாலையில்தான் கனவுத் தூக்கம் அதிகம், அப்போது மூடிய இமைக்குள் விழி அங்குமிங்கும் ஓடும். அல்லது நீங்களே சட்டென்று கண்ணைத் திறப்பீர்கள். ஒட்டியிருந்த தோல் பிய்ந்து வருகிறது. உடம்பிலேயே நரம்பு முனைகள் மிக நெருக்கமாக உள்ள இடங்களில் கருவிழியும் ஒன்று என்பதால், கடுகளவு உரிந்தாலும் ஊசிக் குத்து, அருவிபோலக் கண்ணீர். சில மணி நேரத்தில் மறுபடி மூடிக்கொள்கிறது. நீங்கள் கடைக்குப் போகிறீர்கள். அடுத்த வாரம் மறுபடியும்.

நேரில் பார்க்காமல் அறுதியிட்டுச் சொல்லக்கூடாதுதான். ஆனாலும் இரண்டு கண்ணிலும் வறட்சி, வலதில் மட்டும் குத்தல், அதே கண்ணில் பழைய கீறல் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படிக்கும்போது, உங்களுக்கு இரண்டு பிரச்சினை சேர்ந்திருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. இரவு வறட்சி ஒன்று, சரியாக ஒட்டாத பழைய புண் இன்னொன்று. முதலாவது இரண்டாவதை ஆறவிடாமல் வைத்திருக்கிறது.

கண் டாக்டரிடம் கட்டாயம் போக வேண்டும். ஆனால் சாயங்காலம் கடை முடிந்து போகாதீர்கள். அதற்குள் தோல் மூடியிருக்கும். ஒன்றுமில்லையே, வறட்சிதான் என்று இன்னொரு சொட்டு எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, கண்ணில் தெரிந்தால்தானே? வலி வந்த அன்றே காலை முதல் ஆளாகப் போங்கள். நகம் பட்ட கதையை எடுத்ததுமே சொல்லிவிடுங்கள். ஆரஞ்சு நிறச் சாயத் தாளைக் கண்ணில் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். தோல் உரிந்த இடம் பச்சையாக மின்னும். புள்ளிப் புள்ளியாகக் கீழ்ப்பக்கம் மட்டும் பச்சை தெரிந்தால் இமை மூடாத வறட்சி. ஒரே இடத்தில் திட்டாகத் தெரிந்தால் பழைய புண். பெரிய கருவி எதுவும் தேவையில்லாத சோதனை இது.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம், இன்று ராத்திரியே தொடங்கலாம். உங்களுக்குத் தேவை சொட்டு அல்ல, களிம்பு. பாரஃபின் கலந்த, மருந்து எதுவும் சேராத வழவழப்புக் களிம்பு கண்ணுக்கென்றே சின்ன டியூபில் வருகிறது. மெடிக்கலில் கேட்கும்போது ஒரு எச்சரிக்கை. 'கண்ணுக்கு ஆயின்ட்மென்ட்' என்று மொட்டையாகக் கேட்டால் ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் கலந்ததைக் கையில் கொடுத்துவிடுவது உண்டு. அட்டையில் டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன் என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது முதல் நாள் சுகமாக இருக்கும். தொடர்ந்து போட்டால் கண் அழுத்தத்தை ஏற்றிப் பார்வை நரம்பைக் கெடுக்கும், புண்ணில் கிருமி புகவும் வழிவிடும். உதட்டுக்குப் பூசும் வாஸலைன் டப்பாவும் வேண்டாம், அது கண்ணுக்காகக் கிருமி நீக்கிச் செய்தது அல்ல.

விளக்கை அணைத்துப் படுப்பதற்குச் சற்று முன் கண்ணாடி முன் நின்று, கீழ் இமையை லேசாக இழுத்து, அந்தப் பள்ளத்தில் அரிசி மணி நீளத்துக்குக் களிம்பை வையுங்கள். டியூபின் முனை கண்ணிலோ இமை முடியிலோ படக்கூடாது. கண்ணை மூடி விழியை மேலும் கீழும் உருட்டினால் பரவிவிடும். சொட்டும் விடுவதாக இருந்தால் சொட்டு முதலில், ஐந்து நிமிடம் கழித்துக் களிம்பு. மாற்றிப் போட்டால் களிம்பின் மேல் சொட்டு நிற்காது, வழிந்துவிடும். பார்வை மங்கும், அதனால் போட்டபிறகு செல்போன் பார்க்க முடியாது. அதுவும் நல்லதுக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இமை திறந்திருப்பது உறுதியானால், களிம்பு போட்டபின் இமையை நன்றாக மூடிக்கொண்டு, அதன்மேல் மெடிக்கலில் கிடைக்கும் மைக்ரோபோர் என்ற காகித டேப்பை ஒரு சின்னத் துண்டு குறுக்காக ஒட்டலாம். பசையைக் கையில் இரண்டு தடவை ஒட்டி எடுத்து வலுவைக் குறைத்துக்கொள்ளுங்கள், காலையில் இமைத் தோல் இழுபடாது. இமை சரியாக மூடாமல் ஒட்டிவிட்டால் டேப்பே கருவிழியில் உரசும், அதில் மட்டும் கவனம். டேப் பிடிக்காதவர்களுக்குக் கண்ணைச் சுற்றி மூடிக்கொள்ளும், நடுவில் குழிவான தூக்கக் கண்ணாடி கிடைக்கிறது. விமானத்தில் கொடுக்கும் தட்டைத் துணிப் பட்டை இதற்கு உதவாது, கண்ணிலேயே அழுந்தும்.

எழும்போது செய்ய வேண்டியது இதைவிட முக்கியம். விழிப்பு வந்ததும் கண்ணைத் திறந்துவிடாதீர்கள். தலையணைக்குப் பக்கத்தில் வழவழப்புச் சொட்டு இருக்கட்டும். மூடிய இமைக்குள்ளேயே விழியை மெதுவாக இடமும் வலமும் நகர்த்துங்கள். மல்லாந்து படுத்தபடி மூக்கோரக் கண்முனையில் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டு, அது உள்ளே கசியும்படி கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். நனைந்த தாளைப் பிரிப்பதுபோல. அலாரம் அடித்ததும் துள்ளி எழுந்து கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தால் அதுதான் முதலில் போக வேண்டும்.

ஏசியும் ஃபேனும். ஈரோட்டு வெயிலில் இரண்டையும் நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது, சொன்னாலும் கேட்க மாட்டீர்கள். காற்று முகத்தில் அடிக்காமல் இருந்தால் போதும். கட்டிலைத் திருப்பிப் போட்டு ஃபேன் காலுக்கு மேல் வரும்படி வையுங்கள், ஏசியின் தடுப்பை மேல்நோக்கித் திருப்புங்கள், குளிரை 26-க்கு ஏற்றுங்கள். ஏசி அறையின் ஈரத்தை உறிஞ்சி எடுக்கும், ஃபேன் மிச்சத்தை விரட்டும். உங்கள் வலி ஏசி வாங்கிய கோடையை ஒட்டித் தொடங்கியதில் வியப்பில்லை.

செட்டிரிசின் தும்மலை நிறுத்துவதோடு கண்ணீரையும் வாய் ஈரத்தையும் குறைக்கக்கூடிய மாத்திரை. அதற்குப் பதிலாக மூக்கில் அடிக்கும் ஸ்பிரே போதுமா என்று எழுதிக்கொடுத்தவரிடம் கேளுங்கள். மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களுக்குக் கண்ணீர் குறைவது சாதாரணம். ஆனால் வாயும் வறண்டு, சோறு விழுங்கத் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கிறது, மூட்டும் வலிக்கிறது என்றால் ரத்தப் பரிசோதனை தேவை. தைராய்டும் பார்த்துவிடலாம்.

இமை ஓரத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன. அவை அடைத்துக்கொண்டாலும் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். காலையில் இமை முடியில் பீளை, செதில் இருந்தால், பொறுக்கக்கூடிய சூட்டில் நனைத்துப் பிழிந்த துணியை மூடிய கண்மேல் பத்து நிமிடம் வைத்துத் துடையுங்கள். குத்தல் வந்த நாளில் வேண்டாம், மற்ற நாளில் செய்யலாம். மீன் எண்ணெய் மாத்திரையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். தினம் 3000 மில்லிகிராம் வீதம் ஒரு வருடம் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2018-இல் வெளிவந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஆலிவ் எண்ணெய் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களைவிட அவர்களுக்குப் பெரிய முன்னேற்றம் இல்லை. காசை மிச்சப்படுத்துங்கள், மீன் பிடித்தால் குழம்பு வையுங்கள்.

விளக்கெண்ணெய்க்கு வருகிறேன். உங்கள் மாமியார் முற்றிலும் தவறில்லை. சில கண் சொட்டுகளில் ஆமணக்கு எண்ணெய் உண்மையிலேயே சேர்க்கிறார்கள், கண்ணீர் ஆவியாகாமல் தடுக்க. ஆனால் அது சுத்திகரித்து, கிருமி நீக்கி, நுண்துளிகளாக்கிச் சேர்க்கப்பட்டது. செக்கில் ஆட்டி பாட்டிலில் ஊற்றிவைத்ததைத் தோல் உரிந்த கருவிழியில் விட்டால் கிருமிக்குக் கதவைத் திறந்துவிடுவதுதான். தாய்ப்பால், தேன், பன்னீர், வெங்காயச் சாறு எல்லாவற்றுக்கும் இதே பதில். மாமியாரிடம் உச்சந்தலையில் வைத்துவிடச் சொல்லுங்கள், அவருக்கும் திருப்தி.

மெடிக்கல் சொட்டின் அட்டையையும் ஒருமுறை படியுங்கள். கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ், சோடியம் ஹயலுரோனேட் என்றிருந்தால் வழவழப்புச் சொட்டு, பயமில்லை. நாஃபசோலின் என்றிருந்தால் அது சிவப்பை மறைக்கும் மருந்து, நிறுத்துங்கள். நாலு வேளைக்கு மேல் விடும் நிலை வந்தால் மருந்து கெடாமலிருக்கக் கலக்கும் பாதுகாப்புப் பொருள் (பிரிசர்வேட்டிவ்) சேராத வகையைக் கேளுங்கள், அந்தப் பொருளே நாள்பட்டால் கருவிழியை அரிக்கும்.

பார்வை மங்கி அப்படியே நின்றாலும், வெளிச்சம் பட்டாலே கூசினாலும், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலும், வலி மதியம் தாண்டியும் விடாவிட்டாலும் காலைக்குக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே போய்விடுங்கள்.

பழைய புண் என்று டாக்டர் உறுதிசெய்தால், இரவில் போட 5 சதவீத உப்புக் களிம்பு எழுதுவார். கண்ணில் கொஞ்சம் எரியும், வீக்கத்தை உறிஞ்சித் தோல் ஒட்ட உதவும். அதற்கும் அடங்காவிட்டால் கட்டுப்போட்டதுபோல மூடிக்கொள்ளும் மென்மையான லென்ஸை அவரே வைத்துவிடுவார், அதற்கும் மேல் லேசர் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. ஆனால் களிம்பு மட்டும் கடைசியாகக் குத்தல் வந்த நாளிலிருந்து மூன்று மாதமாவது தினமும் வேண்டும். ஒரு மாதம் வலியில்லை என்று டியூபை ஓரங்கட்டியவர்களைத்தான் நான் மறுபடி விடிகாலையில், கண்ணைப் பொத்திக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலில் பார்க்கிறேன்.