வாசகர் கேள்வி: இமை ஆபரேஷனுக்குப் பிறகு வீக்கம்

கேள்வி: தொங்கிய இமைத் தோலை எடுக்கும் ஆபரேஷன் முடிந்து இன்று மூன்றாம் நாள். முதல் நாளைவிட வீக்கம் கூடியிருக்கிறது. நீலம் கன்னம் வரை இறங்கிவிட்டது. ஏதாவது தப்பாகிவிட்டதா? (வாசகி, தக்கலை)

பதில்: இரண்டு கண்ணும் ஏறக்குறைய ஒரே அளவில் வீங்கி, பார்வை தெளிவாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத் தோல்தான். அதன் அடியில் நீர் சுலபமாகக் கோத்துக்கொள்ளும். அதனால் 2, 3-ம் நாளில்தான் வீக்கம் உச்சத்துக்குப் போகும். கசிந்த ரத்தம் கீழ்நோக்கி இறங்குவதுதான் கன்னத்தில் தெரியும் நீலம். பச்சை, மஞ்சள் என்று மாறி இரண்டு வாரத்தில் பெரும்பாலும் மறையும்.

ஐஸ் ஒத்தடம் முதல் 48 மணி நேரத்தில்தான் நன்றாக வேலை செய்யும். கட்டியை நேரே வைக்கக் கூடாது. ஆபரேஷன் ஆன இமை மரத்திருக்கும், தோல் புண்ணானாலும் உங்களுக்கு உறைக்காது. சுத்தமான மெல்லிய துணியை ஐஸ் தண்ணீரில் நனைத்து, ஒட்டப் பிழிந்து, கண்ணை மூடிக்கொண்டு 10 நிமிடம் போட்டு வைப்பதுதான் முறை. துணியின் கனமே போதும், கையால் அழுத்த வேண்டாம். உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. இனி வெதுவெதுப்பான ஒத்தடத்துக்கு மாறலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

இப்போது பலன் தருவது படுக்கைதான். கழுத்துக்கு மட்டும் தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும். முதுகிலிருந்தே சரிவு வரும்படி வைத்து மல்லாந்து படுங்கள். ஒருக்களித்துப் படுத்தால் அந்தப் பக்கத்துக் கண் காலையில் கூடுதலாக உப்பியிருக்கும். குனிந்து பெருக்குவது, குடம் தூக்குவது, மலச்சிக்கலில் முக்குவது எல்லாம் முகத்துக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒரு கண் மட்டும் திடீரென வீங்கிக் கல்லாக இறுகி, கடுமையாக வலித்து, விழி முன்தள்ளி, பார்வை மங்கினால் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம். முதல் 24 மணி நேரத்தில்தான் இது அதிகம் என்றாலும் பிறகும் வரலாம். சில மணி நேரத்தில் பார்வை நிரந்தரமாகப் போய்விடக்கூடும். ஆபரேஷன் செய்தது திருவனந்தபுரத்தில் என்றாலும் அவ்வளவு தூரம் வண்டியில் போக வேண்டாம். தக்கலையிலிருந்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம். கிளம்பும்போதே உங்கள் மருத்துவருக்கும் போன் செய்துவிடுங்கள்.

கேள்வி: பத்தியம் என்று வீட்டில் மீனை நிறுத்திவிட்டார்கள். சரியா? (வாசகி, குளச்சல்)

பதில்: மீனில் குற்றமில்லை. காயம் ஆறப் புரதம் தேவை, சாளையும் அயலையும் தாராளமாகச் சாப்பிடலாம். நிறுத்த வேண்டியது கருவாடு, ஊறுகாய், பப்படம். உப்பு நீரைப் பிடித்து வைக்கும், மறுநாள் காலை கண்ணில் தெரியும். இரண்டு வாரம் கட்டுப்படுத்துங்கள். கண்ணில் நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் ஒரு சொட்டுகூட வேண்டாம். தையல் ஆறாத இடத்தில் கிருமி ஏறும்.

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறேன். மேல் இமை ஆபரேஷன் ஆகி பத்து நாள், தையலும் எடுத்தாயிற்று. வேலைக்குப் போகலாமா? (வாசகர்)

பதில்: இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். தையல் எடுத்தது தோல் ஒட்டிவிட்டதற்கு அடையாளம், உள்ளே இன்னும் ஆறிக்கொண்டிருக்கிறது. தாழ்ந்த பட்டையில் வெட்டக் குனிவதும், பால் நிறைந்த வாளியைத் தூக்குவதும் வடிந்த வீக்கத்தைத் திரும்ப வரவழைக்கும். போன பிறகும் பாலை உறைய வைக்கும் ஆசிட் பக்கம் சில வாரம் வேறு ஆள் நிற்கட்டும். ஆபரேஷனுக்குப் பின் கொஞ்ச காலம் இமை முழுதாக மூடாது, கண் சீக்கிரம் காயும், அந்த ஆவி பட்டால் எரியும். மருத்துவர் கொடுத்த கண்ணீர்ச் சொட்டு மருந்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.