பதில்: ஜெயிலில் இருந்து வந்த தம்பிக்கு இருமல்

அண்ணே, ஜாமீன்ல பாலக்கோடு வந்த தம்பிக்கு ஒரு மாசமா இருமல், ஜெயில்ல கூட அடைபட்டிருந்தவருக்கு டிபி மருந்து வேலை செய்யலைன்னு எழுதியிருக்கீங்க. மெடிக்கல்ல ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுக்கிறதை முதல்ல நிறுத்துங்க. லெவோஃபிளாக்சசின் மாதிரி மாத்திரை டிபியைக் கொஞ்ச நாள் அமுக்கி வைக்கும், கிருமிக்கு எதிர்ப்பையும் வளர்த்துவிடும்.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில சளி கொடுங்க. எச்சில் இல்ல, காலையில ஆழமா இருமி எடுத்த கெட்டிச் சளி. சிபிநாட் டெஸ்ட் கேளுங்க, சளியில டிபி கிருமி இருக்கான்னு மெஷின்ல பார்க்கிற டெஸ்ட் அது. டிபிக்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யுமான்னும் சுமார் 2 மணி நேரத்துல மெஷின் காட்டிடும். ஜெயில் விஷயத்தை டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. கூச்சமாத்தான் இருக்கும், ஆனா அவருக்கு அதுதான் பெரிய துப்பு. டிபி மருந்தெல்லாம் இலவசம்.

அதுவரை ஜன்னல் திறந்த ரூம்ல தனியா படுக்கட்டும். தட்டு, டம்ளரைப் பிரிச்சு வைக்காதீங்க, அதுல தொத்தாது.