இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் புழங்கிய ராணுவ மார்க் நோட்டால் (மார்க் என்பது ஜெர்மன் பணம்) அமெரிக்காவுக்கு ஏன் நஷ்டம்?

அச்சுத் தகட்டைப் பங்கு போட்டதுதான் காரணம். நேச நாட்டுப் படைகள் ஜெர்மனியில் செலவழிப்பதற்கான மார்க் நோட்டை அமெரிக்கா பாஸ்டனில் அச்சடித்தது. எங்களுக்கும் தகடு வேண்டும் என்று சோவியத் யூனியன் விடாப்பிடியாக நிற்க, 1944-இல் அமெரிக்க நிதித்துறை கொடுத்துவிட்டது. அவர்கள் எவ்வளவு அடித்தார்கள் என்று கணக்குக் கேட்க வழியே இல்லை.

1945-இல் பெர்லினில் சோவியத் வீரர்களுக்கு நெடுநாள் சம்பள பாக்கி இந்த மார்க்கில் கிடைத்தது. அதை ரூபிளாக மாற்ற முடியாது. அங்கேயே செலவழித்தாக வேண்டும். சும்மா இருப்பார்களா? அமெரிக்க வீரர்களிடம் கைக்கடிகாரமும் சிகரெட்டும் கொள்ளை விலைக்கு வாங்கினார்கள். அமெரிக்கர்களோ 10 மார்க்குக்கு 1 டாலர் வீதம் மாற்றி ஊருக்கு அனுப்பினார்கள். சம்பளமாகக் கொடுத்ததைவிட அதிக டாலரை ராணுவம் திருப்பித் தர நேர்ந்தது. ஜெர்மனியில் மட்டும் 20 கோடி டாலருக்கு மேல் துண்டு விழுந்தது. வேடிக்கையான திருட்டு, யாரும் எதையும் திருடவில்லை!

அப்புறம் சம்பளத்துக்கு மேல் மாற்றி அனுப்பாதபடி ஒவ்வொரு வீரருக்கும் கணக்குப் புத்தகம் வந்தது. 1946-இல் ராணுவத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் தனிப் பணச் சீட்டே வந்துவிட்டது.

பழைய நோட்டு கையில் கிடைத்தால் வரிசை எண்ணைப் பாருங்கள். முன்னால் சிறு கோடு இருந்தால் அது சோவியத் அச்சு.