கிப்சனா, எபிஃபோனா? நான்கு வருஷச் சேமிப்பை எதில் போடுவது

கேள்வி: நாகர்கோவிலிலிருந்து எழுதுகிறேன். வயது 27. ஞாயிறுதோறும் சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறேன். மாதத்துக்கு மூன்று நான்கு கல்யாண வரவேற்புகளுக்கு இசைக்குழுவோடு போகிறேன். இப்போது கையில் இருப்பது நண்பரிடம் இரவல் வாங்கிய கிட்டார். நான்கு வருஷமாகச் சேர்த்ததில் இரண்டரை லட்சம் ரூபாய் இருக்கிறது. பள்ளி நாளிலிருந்தே கிப்சன் லெஸ் பால் ஸ்டாண்டர்டு மேல் ஆசை. அமெரிக்காவிலிருந்து வரும்போது வாங்கி வருவதாக மாமா சொல்கிறார். குழுவில் கீபோர்டு வாசிக்கும் அண்ணன், "எபிஃபோன் லெஸ் பால் வாங்குடா, நாலில் ஒரு பங்குக் காசில் முடிந்துவிடும்" என்கிறார். இன்னொருவர் எபிஃபோன் என்றாலே டூப்ளிகேட் என்கிறார். சொந்தமாக ஆம்ப் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி) கிடையாது. போகிற இடத்தில் இருப்பதில் சொருகி வாசிக்கிறேன். எதை வாங்கட்டும்?

பதில்: எபிஃபோனை வாங்குங்கள் தம்பி. மிச்சக் காசில் நல்ல ஆம்ப் ஒன்றும் வாங்குங்கள். ஆசையை விடச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் வாசிக்கும் இடங்களையும் உங்கள் ஊர்க் காற்றையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் அந்த 'டூப்ளிகேட்' பேச்சு. எபிஃபோன் என்பது குடியேறி வந்த கிரேக்க வம்சத்து ஸ்டாதோபூலோ குடும்பம் நியூயார்க்கில் வளர்த்த பெயர். ஒரு காலத்தில் கிப்சனுக்கு நேர்ப் போட்டி. 1957-இல் கிப்சன் அதை வாங்கியது. 1960-களில் இரண்டு பெயர்களிலும் கிட்டார்கள் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூவில் ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்தன. பீட்டில்ஸ் குழுவில் லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன் மூவருமே எபிஃபோனின் கசீனோ மாடல் கிட்டார் வைத்திருந்தார்கள். பிறகு உற்பத்தி ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் போய், இப்போது பெரும்பாலும் சீனாவின் சிங்தாவ் நகரில் நடக்கிறது. கிப்சன் லெஸ் பால் அமெரிக்காவின் நாஷ்வில்லில் தயாராகிறது. இரண்டுக்கும் முதலாளி ஒருவரே. லெஸ் பால் என்ற பெயரைப் போட்டுக்கொள்ள எபிஃபோனுக்கு முழு உரிமை உண்டு.

அப்படியானால் மூன்று நான்கு மடங்கு விலை எதற்கு? இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மஹோகனி உடல், அதன் மேல் மேப்பிள், உடலோடு பசையால் ஒட்டிய நெக் (கழுத்துப் பகுதி), 628 மில்லிமீட்டர் தந்தி நீளம், தந்தியின் அசைவைப் பிடிக்கும் இரண்டு ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப், நான்கு குமிழ்கள். அடிப்படை ஒன்றுதான். வித்தியாசம் தொடங்குவது மரத் தேர்விலும் கைவேலையிலும். கிப்சனில் கனமான மேப்பிள் பலகையிலேயே புலிவரி போன்ற கோடுகள் ஓடும். எபிஃபோனில் வரி தெரிவது மேப்பிளின் மேல் ஒட்டிய மெல்லிய ஏட்டில். கிப்சனின் ஃபிங்கர்போர்டு (நெக்கின் மேல் விரல் அழுத்தும் பலகை) நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரத்தின் வகை. 2020-க்குப் பிந்தைய எபிஃபோன் ஸ்டாண்டர்டில் 'இந்தியன் லாரல்' என்று போட்டிருப்பார்கள். அது நம்முடைய கருமருது. ஃபிரெட்டுக்கு (அந்தப் பலகையில் பதித்த உலோகக் கம்பிக்கு) அடியில் எது இருந்தாலும் சபையில் உட்கார்ந்திருப்பவர் காதுக்கு வேறுபாடு தெரியாது. விரலுக்கு வேண்டுமானால் கொஞ்சம் தெரியலாம். கருமருது காய்ந்து வெளிறும். ஆண்டுக்கு இரண்டு முறை எலுமிச்சை எண்ணெய் தடவினால் போதும்.

உங்கள் விஷயத்தில் பெரிய வித்தியாசம் பூச்சுதான். கிப்சன் இன்றும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூசுகிறது. மெல்லிய அடுக்குகளாக அடித்துக் காயவைக்கும் பொறுமையான வேலை அது. விலையில் அதற்கும் பங்கு உண்டு. வயதாக ஆக அழகாக மங்கும். ஆனால் ரப்பர் பூசிய ஸ்டாண்டில் வைத்தால் தழும்பு விழும், வேர்வை பட்டால் பிசுபிசுக்கும், திடீர்க் குளிர் பட்டால் மயிரிழை விரிசல் ஓடும். நாகர்கோவில் புழுக்கத்தில் வேனில் ஏற்றி, ஏ.சி. மண்டபத்தில் இறக்கி, நடு இரவில் மறுபடி வேனில் ஏற்றுகிற பொருளுக்கு இது ஏற்ற பூச்சு இல்லை. எபிஃபோனில் இருக்கும் பாலியூரித்தேன் இதையெல்லாம் தாங்கும்.

அடுத்தது, எனக்கே வலித்த விஷயம். லெஸ் பாலின் தலைப்பகுதி பின்னால் சாய்ந்திருக்கும். கிப்சனில் 17 டிகிரி, எபிஃபோனில் 14. நெக்குக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை முறுக்குவதற்காக அந்த இடத்திலேயே குழியும் தோண்டியிருப்பார்கள். மர நாரின் ஓட்டம் அங்கே குறுக்கே வெட்டுப்படுவதால், நாலு கிலோ கிட்டார் ஸ்டாண்டிலிருந்து மல்லாக்கச் சாய்ந்தாலே முறிந்துவிடும். பல வருஷம் முன்னால் மேடையில் யாரோ ஒயரைத் தட்டிவிட, என் கிட்டார் அப்படித்தான் போனது. அன்றிரவு நான் சாப்பிடவில்லை. நல்ல ஆசாரி கையில் பசை போட்டு ஒட்டினால் மறுபடி உறுதியாக நிற்கும், வாசிக்கலாம். ஆனால் விற்கும்போது விலை பெருமளவு விழும். எபிஃபோனும் முறியாது என்று சொல்ல மாட்டேன். முறிந்தால் நான்கு வருஷச் சேமிப்பு முறிந்துபோகாது, அவ்வளவுதான்.

கிப்சன் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஃபிரெட் ஓரங்களின் வேலை பொதுவாகச் சுத்தமாக இருக்கும். வால்யூமைப் பாதிக்குக் குறைத்தாலும் பிக்கப் சத்தம் மங்காமல் தெளிவாக நிற்பதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பத்து வருஷம் கழித்து விற்றாலும் கிப்சன் விலை எபிஃபோன் அளவுக்குச் சரியாது. வீட்டில் வைத்து ரெக்கார்டிங் செய்கிறவர், வாசிப்பையே தொழிலாகக் கொண்டு காப்பீடு எடுத்து வைத்திருப்பவர் என்றால் வாங்கச் சொல்லியிருப்பேன். அப்போதும் மாமா மூலம் வேண்டாம். ஒரே மாடலில் இரண்டு கிட்டார் எடுத்தால் எடை வேறு, நெக் வேறு. '50ஸ்' மாடல் என்றால் நெக் தடிப்பாக இருக்கும், '60ஸ்' மாடல் என்றால் மெலிந்திருக்கும். உங்கள் கைக்கு எது பொருந்தும் என்று மாமாவுக்கு எப்படித் தெரியும்? சுங்க வரி வேறு இருக்கிறது. பழுது வந்தால் வாரண்டிக்காக எங்கே அனுப்புவது என்ற கேள்வியும் இருக்கிறது.

இப்போது ஆம்ப். இதைத்தான் அழுத்திச் சொல்ல நினைக்கிறேன். எலக்ட்ரிக் கிட்டாரில் பிக்கப் பிடிப்பது தந்தியின் அசைவை மட்டும். கூட்டம் கேட்கும் ஒலியை உருவாக்குவது ஆம்பும் அதன் ஸ்பீக்கரும். மண்டபத்து மிக்சரில் நேரே சொருகினால் இரண்டரை லட்ச ரூபாய் கிப்சனும் கொசு பாடுவது போலத்தான் கேட்கும். 50 வாட் அளவில், ரெக்கார்டிங் வெளியீடு உள்ள ஒன்றை வாங்குங்கள். பாஸ் கட்டானா 50 அந்த வகை. சர்ச்சில் அந்த வெளியீட்டை மிக்சருக்குக் கொடுக்கலாம், கல்யாணத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கலாம். இதை வாங்கிய முதல் ஞாயிறே உங்கள் குழுவினர் திரும்பிப் பார்ப்பார்கள்.

கடையில் எபிஃபோனை எடுத்ததும் செய்ய வேண்டியது: நெக் ஓரமாக விரலை ஓட்டுங்கள், ஃபிரெட் முனை குத்தினால் வேறொன்று கேளுங்கள். ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் ஒரு முறை மீட்டுங்கள். எங்கேயாவது உறுமினாலோ சத்தம் செத்துப்போனாலோ வைத்துவிடுங்கள். பிறகு ட்யூனர் வைத்து, 12-ஆம் ஃபிரெட்டில் தந்தியைத் தொட்டு எழுப்பும் ஹார்மானிக்கும் அதே இடத்தில் அழுத்தி வாசிக்கும் சுரமும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். குமிழ்களைத் திருப்பும்போது கரகர என்றால் அதுவும் வேண்டாம்.

வாங்கியதும் கை தேர்ந்த ஒருவரிடம் செட்டப் செய்யக் கொடுங்கள். 10-46 தடிமன் தந்தி போட்டு, 12-ஆம் ஃபிரெட்டில் தந்தி உயரம் ஒன்றரையிலிருந்து இரண்டு மில்லிமீட்டருக்குள் நிற்கட்டும். முக்கியமாக, நெக்கின் மேல்முனையில் தந்திகள் படிந்து போகும் நட்டின் பள்ளங்களை அராவித் தரச் சொல்லுங்கள். லெஸ் பாலில் தந்திகள் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் விலகிப் போவதால் மூன்றாவது தந்தி அங்கே சிக்கி, பெண்ட் செய்த (தந்தியை இழுத்து வாசித்த) உடனே சுருதி விலகும். கிப்சனுக்கும் இதே நோய் உண்டு. பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்தாலே பாதி குணமாகிவிடும்.

கேள்வி: இணைய விளம்பரம் ஒன்றில் 'கிப்சன் லெஸ் பால், மேட் இன் யு.எஸ்.ஏ., 35,000 ரூபாய்' என்று பார்த்தேன். முன்பணம் கேட்கிறார். வாங்கலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அந்த விலைக்கு உண்மையான லெஸ் பால் ஸ்டாண்டர்டு கிடைக்காது. கிப்சன் பெயர் ஒட்டிய போலிகள் ஏராளமாக ஓடுகின்றன. தலைப்பகுதியில் இருக்கும் மணி வடிவ மூடியைப் பாருங்கள். கிப்சனில் அதற்கு இரண்டு திருகுதான். போலியில் பெரும்பாலும் மூன்று. மூடியைக் கழற்றினால் கிப்சனில் நெக் கம்பியை முறுக்கும் அறுகோண நட்டு இருக்கும். போலியில் ஆலன் சாவி போடும் ஓட்டை இருக்கும். நேரில் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள்.

இணையக் கடையில் வாங்குகிறவர்களுக்கும் ஒன்று: பொருள் எந்த நாட்டில் தயாரானது என்று விற்பவர் காட்டியாக வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. கிப்சன் என்று பெயர் போட்டு, தயாரான நாடு சீனா என்றிருந்தால் அது போலிதான், வேறு விசாரணையே வேண்டாம். ஏமாற்றிய கடை மீது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. பழைய கிட்டாரை விற்கும் தனிநபரிடம் ஏமாந்தால் இந்த வழி எளிதாகத் திறக்காது. அதனால்தான் முன்பணம் கூடாது என்கிறேன்.

கேள்வி: 12 வயது மகளுக்கு முதல் எலக்ட்ரிக் கிட்டார். ஸ்குவையரா, யமஹா பசிஃபிகாவா?

பதில்: கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் பசிஃபிகா 112. ஹம்பக்கர் ஒன்று, சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் இரண்டு இருப்பதால் எந்த வகைப் பாட்டுக்கும் போகும். முடியாவிட்டால் ஸ்குவையரும் நல்லதே. எதுவானாலும் 9-42 என்ற மெல்லிய தந்தி போட்டுக் கொடுங்கள். பிஞ்சு விரல் முதல் மாதத்தில் வலித்துத்தான் பல பிள்ளைகள் கிட்டாரைப் பரணில் போடுகிறார்கள்.